லீவு மந்திரி

தேய்ப்பு அறைக்கு ஒரு வெளியேற்று விசிறி. நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு உயரமான முக்காலிகள். கைக்குழந்தைக்காரிகளுக்குப் பகல் முறை மட்டும். அழுக்குப் பக்கத்து ஆட்களுக்கும் வெள்ளைப் பக்கத்து ஆட்களுக்கும் ஒரே அளவில் அரசு விடுமுறை. இத்தனையையும் ஒவ்வொன்றாக, 'முடியாது' என்று சொன்னவர்களிடமே கேட்டு வாங்கியவள், இப்போது தேய்ப்பு மேசைமேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, உதட்டில் இரண்டு பொத்தான்களை இடுக்கிக்கொண்டு, வரப்போகிற வருடத்தின் ஆகஸ்ட் மாதத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் அது. நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் வார்டுகளிலிருந்து அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும்; மறுபக்கம் வெளுத்து, காய்ந்து, மடித்த விரிப்புகள் வண்டியேறும். சுவருக்குள் பதித்திருக்கும் இயந்திரங்களுக்கு இரண்டு பக்கமும் வாய். அவள் அழுக்குப் பக்கத்தில் மூட்டை பிரிக்கிறவளாகச் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் விடுமுறை என்பது வெள்ளைப் பக்கத்துச் சொத்து. "நம்ம மூட்டைக்கு ஏது லீவு" என்று அழுக்குப் பக்கத்தார் தங்களையே கேலி செய்துகொண்டு வேலைக்கு வருவார்கள். இவள் அந்தக் கேலிக்குச் சிரிக்கவில்லை. நேரே மேலாளரிடம் போய், அடுத்த வருடத்து வேலைமுறையைத் தானே போட்டுத் தருவதாகவும், யாராவது ஒருவர் அழுதாலும் மறுபடி மூட்டைக்கே போய்விடுவதாகவும் சொன்னாள். மூட்டைக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.

வருடக் கடைசியில் அரசாங்கம் அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியலை வெளியிட்டதும் செய்தித்தாளிலிருந்து அதைக் கத்தரித்து எடுப்பாள். மற்றவர்கள் அதில் எத்தனை நாள் கிடைக்கிறது என்று பார்ப்பார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்தவை எவை என்று பார்ப்பாள். அப்படி விழுந்த விடுமுறைக்குத் துக்கம் விசாரிக்காத குறைதான். "நல்லா இருந்த லீவு. இப்படி ஞாயித்துக்கிழமையில வந்து மாட்டிக்கிச்சே" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருப்பாள். செவ்வாய், வியாழன்களில் விழுந்தவற்றின்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். நடுவில் ஒரு நாளை இழுத்துப் போட்டால் பாலம் கட்டிவிடலாம்.

எழுதித் தொங்கவிடுகிற வேலைமுறைத் தாளில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அடித்து எழுதி, அதன்மேல் திருத்தி எழுதி, கடைசியில் யாருக்கு எந்த நாள் என்பதே சண்டையாகிவிடும். அவளுடையது பலகை. தச்சு வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் செய்து கொடுத்தது. நாளுக்கு ஒரு குழி, குழிக்குள் அன்று வேலைக்கு வருகிறவர்களின் பொத்தான்கள். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் அளவு விஷயத்தில் மயிரிழை விடமாட்டார். எல்லாக் குழிகளும் ஒரே ஆழம் இருக்க வேண்டும் என்று முதலில் செய்த பலகையை அடுப்புக்குப் போட்டுவிட்டு இரண்டாவது செய்தார். "பொத்தான் வைக்கிறதுக்கு இவ்வளவு எதுக்குண்ணே?" என்று அவள் கேட்டாள். ஒரு குழி மேடாக இருந்தால் அந்த நாள்காரன் தனக்குக் குறைவு என்று நினைப்பான் என்றார் அவர். அண்ணனும் தங்கையும் ஒரே மரத்தில் அறுத்த பலகைகள் என்று வீட்டில் சொல்வார்கள்.

பொத்தானுக்குப் பஞ்சமில்லை. அங்கிகளிலிருந்தும் கோட்டுகளிலிருந்தும் கழன்று இயந்திரத்தின் அடியில் சேர்வதெல்லாம் ஒரு கிண்ணத்தில் கிடக்கும். வேலையில் சேர்ந்த அன்றே ஆளுக்கு ஒன்று பொறுக்கிக்கொள்ளலாம். இயந்திரம் ஓட்டும் நெட்டை மாமா ஏதோ பெரிய டாக்டர் கோட்டின் பித்தளைப் பொத்தானை எடுத்துக்கொண்டார். மடிப்பு மேசையில் நிற்கும் குட்டி, குழந்தைகள் வார்டுச் சட்டையிலிருந்து வந்த வாத்துப் பொத்தானை எடுத்தாள்.

பலகைக்கு முன்னால் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது, எந்த நாள் விடுமுறை வேண்டும் என்று அவள் ஒருபோதும் கேட்பதில்லை. "எந்த நாள் சந்தோஷமா வேலைக்கு வருவீங்க?" என்றுதான் கேட்பாள். கேட்டதும் ஆள் தடுமாறிப்போய் உண்மையைச் சொல்லிவிடுவான். மாமியாரிடமிருந்து தப்பிக்க விடுமுறை நாளில் வேலைக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். கதை கட்டுகிறவர்களையும் கண்டுபிடித்துவிடுவாள். முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைப் பார்ப்பாள். பொய் சொல்கிறவன் செருப்பை அவிழ்த்து அவிழ்த்து மாட்டுவானாம்.

ஒருமுறை அவள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நெட்டை மாமா தன்னுடைய பித்தளைப் பொத்தானை வசதியான இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டார். அவள் திரும்பி வந்தாள். பலகையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மாமா, உங்க பொத்தான் தொழிலாளர் நாள்ல இருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கே. கால் வலிக்கலையா அதுக்கு?"

"காத்துல உருண்டிருக்கும் மந்திரி."

"பித்தளைங்க அது. காத்துக்கு நீங்க உருளுவீங்க, அது உருளாது."

அன்றைக்குத்தான் 'மந்திரி' என்கிற பெயர் 'லீவு மந்திரி' ஆயிற்று.

விடுமுறையைப் பற்றி அவளுக்கென்று ஒரு சித்தாந்தம் உண்டு. "லீவு அன்னிக்கு வேலை எங்கயும் ஓடிப்போகாது. பக்கத்து நாள் மடியில போய் உக்காந்துக்கும்." ஆஸ்பத்திரியில் விடுமுறைக்கு முன்தினம் எல்லா வார்டும் விரிப்பைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிப் பதுக்கும். விடுமுறை முடிந்த மறுநாள் தள்ளிவைத்த அறுவைச் சிகிச்சைகளெல்லாம் வரிசை கட்டும். அதனால் விடுமுறை நாளில் யார் வருகிறார்கள் என்பதைவிட, முந்திய நாளும் பிந்திய நாளும் யார் யார் தோள் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அவள் பொத்தான்களை அதிக நேரம் உருட்டுவாள்.

வீட்டில் கதை வேறு. அவள் கணவர் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர். பட்டியலில் உள்ள எல்லா விடுமுறையும் அவருக்கு உண்டு. அந்த நாட்களில் அவர் சமைத்து வைத்து, துணி துவைத்துக் காயப்போட்டு, "மந்திரியம்மா வேலைக்குப் போயாச்சா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்பார். ஊருக்கெல்லாம் விடுமுறை பிரித்துக் கொடுத்தவள் வீட்டில் ஒரு விடுமுறை நாள் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டதில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார். அவள் அதை நிரந்தரமாகக் கிடப்பில் போட்டிருக்கிறாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை சறுக்கினாள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

குட்டிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் விடுதியில் வளர்ந்த பெண். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. மாப்பிள்ளை கப்பலில் சமையல்காரன். பிப்ரவரியில் கரைக்கு வந்து, அதே மாதம் ஒரு சனிக்கிழமை மறுபடி கப்பலேற வேண்டியவன். ஆகவே அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை பக்கம் பெரியப்பா, சித்தி, அத்தை என்று ஒரு பட்டாளம் வரப்போகிறது. பெண் பக்கம் நிற்க யார்? குட்டி இதைப் பலகைக்கு முன்னால் நின்று, வாத்துப் பொத்தானை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவங்க வீட்டுல கேட்டாங்கக்கா, உங்க பக்கம் எத்தனை பேருன்னு. எல்லாரும் வருவாங்கன்னு சொல்லிட்டேன். எல்லாரும்னா நீங்கதான்."

வேலை நாள் ஒன்றில் சலவைக்கூடம் முழுவதும் கிளம்பிப் போக முடியாது. மிஞ்சினால் மூன்று நான்கு பேரை அனுப்பலாம். அவள் அந்த வெள்ளிக்கிழமைக் குழியை ஒரு வாரம் கிளறிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் வானத்திலிருந்து விழுந்தாற்போல் ஓர் அறிவிப்பு வந்தது. வியாழக்கிழமை ஏற்கெனவே அரசு விடுமுறை. மக்கள் ஊருக்குப் போய் வர வசதியாக வெள்ளிக்கிழமையையும் விடுமுறையாக அரசு அறிவித்துவிட்டது. சனி, ஞாயிறோடு சேர்த்து நான்கு நாள் தொடர்.

சலவைக்கூடத்தில் அன்று விசில் பறந்தது. விடுமுறை நாளில் வெளிநோயாளிப் பிரிவு மூடியிருக்கும், அறுவைச் சிகிச்சைகளும் குறைவு. நாலு பேர் காலையில் வந்து அவசரத் துணியை மட்டும் முடித்துவிட்டு, கல்யாண நேரத்துக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம். அவள் ஒரு மதியத்துக்குள் பலகையைக் கலைத்து அடுக்கினாள். மேலாளர் பார்த்துத் தலையசைத்தார். குட்டி எல்லோருடைய கையிலும் ஒரு மிட்டாயை வைத்தாள். எல்லாம் கனகச்சிதம்.

அந்த வார இறுதியில் அண்ணன் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். அவள் கல்யாணத் திட்டத்தை விவரித்தாள். அவர் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கணவர் கரண்டியோடு நின்றார்.

"வெள்ளிக்கிழமை அரசாங்க லீவுதானே?"

"அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்றேன்."

"அப்ப பதிவு ஆபீஸ் பூட்டிக் கிடக்குமே."

அவள் கை தட்டில் அப்படியே நின்றது. அண்ணன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தார். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவருக்கு விடுமுறை என்றாலே கேட்டைப் பூட்டுவது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அப்படியொரு நினைப்பே கிடையாது. அவர்களுடைய வாழ்நாளில் விடுமுறைக்காகச் சலவைக்கூடத்துக் கதவு மூடிப் பார்த்ததில்லை. யார் வருவது, யார் நிற்பது என்பது மட்டும்தான் அவர்களுக்கு விடுமுறை. அத்தனை பேர் அந்தப் பலகையைச் சுற்றி நின்றும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மறுநாள் காலை முறை மாறும் நேரத்தில், எல்லோரும் இருக்கும்போதே, அவள் குட்டியிடம் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "நான்தான் பாக்கலை. என் தப்பு" என்றாள்.

குட்டி அழவில்லை. மடித்த விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கும் இப்போதுதான் தெரிந்திருக்கிறது, புதன்கிழமைக்கு நாளை மாற்றச் சொல்லிவிட்டார்கள், அதைவிட்டால் அவர் கப்பலேறுவதற்குள் அந்த அலுவலகத்தில் வேறு நாள் காலி இல்லை என்றாள். பிறகு அவளாகவே சமாதானம் சொன்னாள்.

"பரவாயில்லக்கா. நீங்க யாரும் கஷ்டப்படாதீங்க. சாட்சிக்கு அந்த ஆபீஸ் வாசல்லயே ஆள் கிடைப்பாங்களாம். கூப்பிட்டா வந்து நிப்பாங்களாம்."

புதன்கிழமை என்பது நான்கு நாள் தொடருக்கு முந்திய நாள். வருடத்திலேயே பளு மிகுந்த நாட்களில் ஒன்று. மூன்று பேரைக்கூட அனுப்ப முடியாத நாள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், குட்டிக்கும் தெரியும். அதனால்தான் அவள் முந்திக்கொண்டாள்.

லீவு மந்திரி பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நடு மேசையில் வைத்தாள். வெள்ளிக்கிழமைக் குழியைக் காட்டினாள்.

"இந்த லீவு நமக்கு எதுக்குக் கிடைச்சுது? இவ கல்யாணத்துக்கு. கல்யாணமே அன்னிக்கு இல்லன்னா இந்த லீவை வச்சுக்கிட்டு என்ன பண்றது? புதன்கிழமை மத்தியானம் மெஷினை நிறுத்திட்டு எல்லாரும் போவோம். புதன்கிழமை விட்டுப்போற வேலையை வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்து முடிப்போம். அரைவாசிப் பேர் இல்ல. எல்லாரும். முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க, நான் காலைப் பாக்கமாட்டேன்."

சிலர் சிரித்தார்கள். சிலர் யோசித்தார்கள். நான்கு நாள் தொடர் விடுமுறை என்பது அவர்கள் வாழ்க்கையில் அடிக்கடி வருகிற விருந்தாளி இல்லை. ஒருத்தி தாய்வீட்டுக்குப் பயணச்சீட்டே வாங்கியிருந்தாள். முதலில் கையை நீட்டியவர், ஒரு நாளையும் யாருக்கும் விட்டுக்கொடுத்து அறியாத நெட்டை மாமா. பித்தளைப் பொத்தானை எடுத்து வெள்ளிக்கிழமை வேலைக் குழியில் 'டக்' என்று போட்டார்.

"எல்லாரும் என்னையே ஏன் பாக்கறீங்க? நாலு நாள் வீட்ல இருந்தா ஒட்டடை அடிக்கச் சொல்லுவா. அதுக்கு இது தேவலை."

பயணச்சீட்டு வாங்கியவள் வெள்ளி இரவு வண்டிக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள். மற்ற பொத்தான்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

மேலாளரைச் சம்மதிக்க வைப்பதுதான் பாக்கி. அவர் கெட்டவர் இல்லை, பொறுப்பு உள்ளவர். புதன்கிழமை பிற்பகலில் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு விரிப்பு குறைந்தால் மேசையில் கிடக்கிறவருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் அதற்குப் பேச்சால் பதில் சொல்லவில்லை. தியேட்டர் பொறுப்புச் செவிலியிடம் நடந்தாள், ஒவ்வொரு வார்டாக நடந்தாள். செவ்வாய்க்கிழமையே தியேட்டருக்கு உரியதை முழுதும் கொடுத்துவிடுவது. வார்டுகள் பதுக்குவதற்காகக் கேட்கிற பங்கை வெள்ளிக்கிழமை சுடச்சுடத் தருவது. விடுமுறை நாளில் முழு ஆளும் வேலை செய்யப்போகிறார்கள் என்றதும் வார்டுகளுக்கு அது லாபமாகவே பட்டது. பொறுப்புச் செவிலி மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்:

"ஒண்ணு குறைஞ்சாலும் உன்னைத்தான் கேப்பேன்."

"என்னைத்தான் கேக்கணும் சிஸ்டர். வேற யாரைக் கேப்பீங்க?"

மேலாளர் ஒப்புக்கொண்டார். கல்யாணத்துக்கு அவரையும் கூப்பிட்டார்கள். யாராவது ஒருவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று சொல்லித் தான் நின்றுகொண்டார். "மூணு மணிக்கு மெஷின் ஓடணும்மா" என்று மட்டும் வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை பதிவு அலுவலகத்து மாடிப்படியில் சலவைக்கூடம் ஏறியது. உடை மாற்ற நேரமில்லை. நீலச் சீருடை, தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு, எல்லோர்மேலும் ஒரே சோப்பு வாசனை. அண்ணன் மட்டும் வெளுத்த சட்டை போட்டு, முன்கூட்டியே வந்து, இருக்கைகளின் கால் ஆடுகிறதா என்று பார்த்துவைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் நீலச் சீருடைகள் மறுபக்கமும் நின்றபோது, மறுபக்கம்தான் கூட்டம் அதிகம். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "பொண்ணுக்கு யாருமில்லன்னாங்களே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது நெட்டை மாமாவின் காதில் விழுந்தது. "நாங்க கொஞ்சம் பேர்தான் வந்திருக்கோம்மா" என்றார் அவர்.

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பெண் பக்கத்துச் சாட்சி யார் என்று கேட்டார். அத்தனை பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். ஒருவர் போதும் என்றார். எல்லோருடைய கையும் அவள் முதுகில் விழுந்து அவளை மேசைக்குத் தள்ளியது.

அவள் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நீட்டினாள். இரண்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது அவளுக்கு. நாட்காட்டியையும் மளிகைப் பொட்டலங்களையும் செய்தித்தாளையும் பார்த்துப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டவள்; தன் பெயரை எழுதவும் தெரியும். ஆனால் எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவுக்கு விரல், சம்பளத்துக்கு விரல். சேர்ந்த நாளில் யாரோ கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். அதுவே அவளுடைய ஒப்பமாக நிலைத்துவிட்டது. எழுத்தரும் மறுபேச்சில்லாமல் மைத்தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

குட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேகை வேண்டாம்க்கா. பேரு போடுங்க. எனக்குன்னு யார் வந்தாங்கன்னு பின்னாடி நான் படிச்சுப் பாக்கணும்."

அண்ணன் எழுந்து அருகில் போனார். அவள் திரும்பிப் பார்க்காமலே, "விடுண்ணே, தெரியும்" என்றாள்.

பேனாவை வாங்கினாள். மூட்டை பிரிக்கும்போது நிற்பதுபோல் காலை அகட்டி நின்று, ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தமாக, அவசரமில்லாமல் எழுதினாள். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று. அதற்காக அவள் அதைச் சுருக்கவில்லை. எழுதி முடித்ததும், பக்கத்தில் தேதியும் போட வேண்டும் என்றார் எழுத்தர். அதற்குமுன் கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் இன்றைக்கு என்ன தேதி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு போட்டவர்கள். அவர் பழக்கமாகச் சுவர் நாட்காட்டியைக் காட்டக் கையைத் தூக்கினார். அவள் நிமிரவே இல்லை. பேனா தாளைவிட்டு எழாமல் ஒரே வீச்சில் எழுதியது: பிப்ரவரி 12, புதன்கிழமை.